இறங்கி நடந்து பார்த்த பாதை

வணக்கம் நேயர்களே.

பாலைநிலப் பள்ளத்தாக்குகளில் தனியாக ஜீப் ஓட்டிப் போய், கூடாரம் அடித்துத் தங்குவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் எனக்குப் பழகிய ஒரே ஒரு பாதையை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூடும் இடத்தைச் சுற்றி கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1964-இல் அமைத்தார்கள். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உயர்ந்து நிற்கிற மேட்டுநிலத்துக்கு 'ஐலண்ட் இன் த ஸ்கை' என்று பெயர். அதன் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால், ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு அகலமான பாறைத் திட்டு தெரியும். ஓரம் முழுக்க வெள்ளைப் பாறை. அந்தத் திட்டிலிருந்து இன்னும் ஏறத்தாழ ஆயிரம் அடி இறங்கினால்தான் ஆறு. நடுவில் இருக்கிற அந்தத் திட்டின் மேல் வளைந்து வளைந்து போகிறது ஒயிட் ரிம் சாலை. முழுச் சுற்று 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். சாலை என்று சொன்னாலும் பெரும்பகுதி மண்ணும் மணலும் பாறைப் படிகளும்தான். 1950-களில் யுரேனியம் தேடுகிறவர்களுக்காக, அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆதரவில் வெட்டிய பாதை இது. இந்தப் பகுதியில் யுரேனியம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது.

ஜீப்பில் சுற்றி வர இரண்டு மூன்று நாள் ஆகும். வழியில் குடிநீர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது. பெரும்பாலான இடங்களில் கைபேசி வேலை செய்யாது. வண்டி நின்றுபோய் இழுவை வண்டியைக் கூப்பிட்டால் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும்.

"தனியாகப் போக பயமாக இல்லையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் தனியாகப் போகிறவனுக்கு நிஜமான கஷ்டம் வேறு ஒன்று. இரண்டு பேர் போனால், மோசமான இடம் வரும்போது ஒருவர் இறங்கி முன்னால் நின்று "இடது பக்கம் ஒடி, போதும், வா வா" என்று கை காட்டுவார். தனியாகப் போனால் அந்தக் கை இல்லை. பானெட்டுக்கு அடியில் சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏறப்போகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் ஒரே வழிதான் இருக்கிறது: வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மோசமான இடத்திலும், சலிக்காமல்.

மர்ஃபி ஹாக்பேக் என்று ஓர் ஏற்றம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். செங்குத்து. உச்சியில் என்ன இருக்கிறது என்று கீழே இருந்து தெரியாது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு ஏறி நடப்பேன். எதிரே வண்டி வருகிறதா என்று உச்சியில் நின்று முதலில் பார்ப்பேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது வழக்கம். ஆனால் இறங்குகிறவர் உங்களைப் பார்க்காவிட்டால் அந்த வழக்கத்தால் என்ன பயன்? அப்புறம் இறங்கும்போது பாறைப் படிகளைக் கவனிப்பேன். இந்தப் படியில் வலது முன்சக்கரம் ஓரமாக ஏறினால் வண்டியின் அடிவயிறு தட்டாது, அடுத்த படியில் நடுவில் ஏற வேண்டும், இப்படி. கண்ணில் படுகிற மாதிரி முக்கியமான இடத்தில் ஒரு வெளிர் நிறக் கல்லை அடையாளமாக வைப்பேன். ஏறி முடித்ததும் திரும்ப நடந்து வந்து அதை எடுத்துப் போட்டுவிடுவேன். அடுத்து வருகிறவருடைய வண்டி வேறு, அவருக்கு வேண்டிய தடமும் வேறு.

லோ ரேஞ்சில், அதாவது நான்கு சக்கர வண்டியில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர் அமைப்பில், முதல் கியர், நடை வேகம், அவ்வளவுதான். மேட்டுநிலத்திலிருந்து திட்டுக்கு இறங்குகிற ஷேஃபர் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும் இதே கதைதான். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி, பாதி வழியில் பிடிப்பு குறைந்துவிடும். மணல் வருவதற்கு முன்னால் டயரில் காற்றை இறக்க வேண்டும். காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. இருப்பதை 20-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் டயர் தட்டையாகப் பரவி மணலில் புதையாமல் போகும். திரும்ப நிரப்ப ஒரு கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும். வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கிற கருவி, வாங்குவதைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். கயிற்றைக் கட்ட மரம் வேண்டாமா? அங்கே இருப்பது குட்டை ஜூனிபர் மரங்கள்தான். நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வளர்கிறவை, அவற்றில் கயிறு கட்டி இழுப்பது நியாயமில்லை. மண்வெட்டியும், சக்கரத்துக்கு அடியில் போடுகிற பலகைகளும் இருந்தால் பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

தண்ணீர் விஷயத்தில் கணக்கு பார்க்கவே கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், அதற்கு மேல் கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே கேனில் வைக்காமல் பிரித்து வைப்பது நல்லது. குலுங்கிக் குலுங்கி ஒரு கேன் விரிசல் விட்டாலும் மற்றது இருக்கும்.

சரி, இந்த இறங்கி நடப்பதற்கு வருகிறேன். முதலில் அதைப் பாதுகாப்புக்காகத்தான் செய்தேன். போகப் போக, அந்த நிலத்தை நான் பார்த்ததே அப்படி இறங்கிய நேரங்களில்தான் என்று புரிந்தது. வண்டிக்குள் இருக்கிற வரை கண் சாலையில்தான் இருக்கும். கீழே இறங்கினால் காலடியில் ஓர் உலகம் இருக்கிறது. பாதையோரத்தில் மணல் கறுத்து, பொருக்குத் தட்டி, குட்டிக் குட்டி மேடுகளாக நிற்கும். செத்த மண் என்று நினைத்து மிதித்துவிடத் தோன்றும். அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர்கள் நூலிழைகள் மாதிரி மணலுக்குள் ஓடி, மணல்துகள்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்திருக்கும். காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் தடுப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் அந்தப் பொருக்குதான். ஒரு முறை மிதித்தால் நொறுங்கிவிடும், பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் வேண்டும். டயர் ஏறினால் சொல்லவே வேண்டாம். எதிரே வண்டி வருகிறது என்று பாதையை விட்டு இரண்டடி ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதறும். அகலமான இடம் வரைக்கும் பின்னால் போகலாம், ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதானே.

வெள்ளைப் பாறைத் திட்டில் ஆங்காங்கே குழிகள் இருக்கும். மழை பெய்து சில நாட்களில் போனால் அவற்றில் தண்ணீர் நிற்கும். மண்டியிட்டு, நிழல் விழாமல் பார்த்தால், விரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய கண்ணாடி நிற இறால்கள் மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும். குழி காய்ந்தால் அவை செத்துவிடும். முட்டைகள் மட்டும் காய்ந்த புழுதியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அந்தத் தண்ணீரில் கை கழுவக் கூடாது. நம் தோலில் பூசியிருக்கிற வெயில் களிம்பும் எண்ணெயும் போதும், அந்தச் சின்னக் குழியைக் கெடுத்துவிட.

நிமிர்ந்து பார்த்தால் பாறைச் சுவர். காலடியில் இருக்கிற வெள்ளை மணற்பாறை 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதற்கு மேல் சாக்லேட் நிறத்தில் மொயன்கோபி அடுக்கு, அதற்கு மேல் சாம்பலும் ஊதாவும் பச்சையும் கலந்த சின்லே. யுரேனியம் தேடியவர்கள் தோண்டியது அந்த அடுக்கில்தான். எல்லாவற்றுக்கும் மேலே செங்குத்தாக நிற்கிற சிவப்புச் சுவருக்கு விங்கேட் என்று பெயர். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே மணல்மேடுகள் இருந்தன, அவை இறுகிப் பாறையானதுதான் அது. சின்லேயில் இருக்கிற களிமண்ணைப் பற்றி ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு வண்டி தன் போக்கில் வழுக்கும். அப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெயில் வந்து பாதை காயும் வரை நகரக் கூடாது.

மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்காதீர்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் பருவமழைக் காலம். வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது, அப்படியே வழித்து விடும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்குள் போன 11 சுற்றுலாப் பயணிகள் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, மைல் கணக்கில் தள்ளி, மேட்டுப் பக்கத்தில். 2015 செப்டம்பரில் யூட்டாவின் சயான் பூங்காவில் கீஹோல் என்ற இடுக்கில் 7 பேர் இதே மாதிரிப் போய்விட்டார்கள். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதில் அர்த்தமே இல்லை. மேட்டுப் பக்கம் எங்கே இருக்கிறது, அங்கே மேகம் எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்ந்த ஓடையின் மணல் படுக்கை மெத்தென்று இருக்கும், நிழலும் இருக்கும். அங்கே கூடாரம் அடிக்கவே கூடாது. ஒயிட் ரிம்மில் குறிப்பிட்ட இடங்களில்தான் தங்க முடியும், அதற்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்பதால் இந்தத் தொல்லை அங்கே குறைவு. விறகுத் தீ மூட்டவும் அனுமதியில்லை. நாய் வண்டிக்குள்ளேயே இருந்தாலும் கூட்டிப் போகக் கூடாது. நான் போவது ஏப்ரல் கடைசியில் அல்லது அக்டோபரில். கோடையில் 38 டிகிரியைத் தாண்டிவிடும், அந்த வெயிலில் தனியாக டயர் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் என்று நான் நினைக்கிற ஒன்று இருக்கிறது. ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறி 2003 ஏப்ரலில் இதே வட்டாரத்தில் புளூஜான் கேன்யனுக்குத் தனியாகப் போனார். பாறை ஒன்று பெயர்ந்து அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் அந்த இடுக்கில் தேடி வர யாருக்கும் காரணமில்லை. ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய மன உறுதியைப் பற்றி உலகமே பேசியது. எனக்கு அந்தச் செய்தியில் உறைத்தது, அவரிடமிருந்து யாருக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை என்பது.

நான் கிளம்பும்போது என் தங்கையிடம் ஒரு தாள் கொடுப்பேன். எந்தப் பாதை, எந்த இரவு எந்த இடத்தில் தங்குகிறேன், வண்டியின் நிறம், பதிவு எண், பூங்கா அலுவலகத்தின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில் ஒரு கெடு: இந்த நாள், இந்த மணி. அதற்கு முன்னால் நான் பேசவில்லை என்றால் பதற வேண்டாம், டயர் பஞ்சராகி இருக்கலாம், களிமண் காயக் காத்திருக்கலாம். அந்த மணி தாண்டினால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பூங்காக் காவலரான ரேஞ்சரைக் கூப்பிட வேண்டும். இப்படி எழுதிக் கொடுத்த பிறகு எனக்கும் அது கட்டுப்பாடு. இந்த இடுக்குக்குள் கொஞ்சம் நுழைந்து பார்ப்போமே என்று ஆசை வந்தாலும், தாளில் இல்லாத இடத்துக்குப் போக மாட்டேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவியும் வைத்திருக்கிறேன். அது நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு வானம் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் எழுந்து நிற்கிற இடத்தில் செய்தி போய்ச் சேர நேரம் பிடிக்கும், சில சமயம் போகாது. தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரவு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். 2015-இல் கேன்யன்லாண்ட்ஸை உலக இருள்வானப் பூங்காக்களில் ஒன்றாக அறிவித்தார்கள். நிலா இல்லாத இரவில் பால்வீதி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கிடக்கும். நான் டார்ச்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கண் பழக விடுவேன். தனிமை கனக்கிற நேரமும் அதுதான். பகலில் வேலை இருக்கும், பேச்சே தேவைப்படாது. இரவில் சிறு சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். அப்போது நான் மறுநாள் பாதையை வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்ப்பேன். எங்கெங்கே இறங்க வேண்டியிருக்கும் என்று குறித்துக்கொள்வேன். மனது தானாக அடங்கிவிடும்.

கடைசியாக ஒரு விஷயம், போக நினைக்கிறவர்களுக்கு. சுற்றின் கடைசிப் பகுதி கிரீன் ஆற்றின் கரையை ஒட்டிப் போகிறது. மலைப் பனி உருகுகிற பருவத்தில் ஆறு பெருகி, பொட்டேட்டோ பாட்டம் என்ற இடத்துக்கு அப்பால் பாதையை மூழ்கடித்துவிடுவது உண்டு. வெளியேறுகிற மினரல் பாட்டம் வளைவுகளே 2010 ஆகஸ்டில் பெய்த மழையில் அடித்துக்கொண்டு போய், மறு ஆண்டுதான் திரும்பத் திறந்தன. அதாவது, வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு, வந்த வழியே முழுதும் திரும்ப வேண்டி வரலாம். அப்படித் திரும்புவதற்கும் சேர்த்து பெட்ரோலும் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். உங்கள் தாளில் எழுதுகிற கெடுவிலும் அந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற அன்று காலையில் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டு ஆற்றின் நிலையைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.