ஒரே 32 சீட்டு, ஒரே நாலு பேர்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, இந்த வெக்கையிலும் மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

சீட்டாட்டத்தையும் பலகை விளையாட்டுகளையும் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு நிறைவு தருவது ஒன்றிலேயே ஊறுவதா, பலவற்றைத் தேடி ஒப்பிட்டுப் பார்ப்பதா? தேடி ஒப்பிடுவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "நாற்பது வருஷமாக 304 என்ற சீட்டாட்டம் மட்டும்தான் ஆடுகிறேன். இன்னும் அதன் அடி தெரியவில்லை. பிறகு எதற்கு இன்னொன்று?" ஐயா, அந்த நாற்பது வருஷத்தை மதிக்கிறேன். அதனால் உங்கள் 304ஐ வைத்தே பேசுகிறேன்.

அதில் பெரிய சீட்டு எது? ஜாக், 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. அதற்குப் பிறகுதான் ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. சரி, ராசாவையும் ராணியையும் தாண்டி ஜாக் எப்படி உச்சிக்குப் போனான்? நாற்பது வருஷம் ஆடினாலும் அந்தக் கட்டுக்குள் இருந்து விடை வராது. பக்கத்தில் பார்க்க வேண்டும். கேரளத்தில் 28 என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கேயும் ஜாக் முதல், ஒன்பது அடுத்தது. நெதர்லாந்தில் கிளாவர்யாஸ் ஆடுகிறார்கள். அதே 32 சீட்டு, மற்ற வகைகளை வெட்டும் துரும்பு வகையில் ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. நம் பக்கத்து ஆட்டங்களின் மூலத்தை ஒல்லாந்தர் கொண்டுவந்திருக்கலாம் என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுவோரின் ஊகம். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதே ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, பாலம் கடந்து போனால் புளியந்தீவில் நிற்கிறது. மூன்று ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான், என் கையிலிருக்கும் ஜாக்குக்கும் அந்தக் கோட்டைக்கும் உறவு இருக்கலாம் என்று பட்டது. அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

"புதிது புதிதாக வாங்கக் காசு வேண்டுமே" என்று கேட்டார் அந்த அணியின் தங்கச்சி. வேண்டாம் அம்மா, ஒரு சீட்டுக்கட்டு போதும். 304க்குப் பிரித்தெடுத்த அதே 32 சீட்டில்தான் சிங்கள நண்பர்கள் ஓமி ஆடுகிறார்கள். இரண்டிலும் நாலு பேர், எதிரே கூட்டாளி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். ஆடிப் பாருங்கள். ஓமியில் துரும்பை வாய்விட்டுச் சொல்கிறார்கள். 304இல் கேள்வியில், அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்பதில், வென்றவர் அதைக் கவிழ்த்து வைக்கிறார். ஓமியில் எட்டு முறையும் எதை அள்ளினாலும் ஒரே மதிப்பு. 304இல் ஜாக்கும் ஒன்பதும் விழுந்த இடத்தை அள்ளினால் அந்த இரண்டுக்கே 50, ஏழும் எட்டும் மட்டும் விழுந்தால் வெறுங்கை. ஓமி ஆடிவிட்டு 304க்குத் திரும்பியபோது, கவிழ்ந்து கிடந்த அந்த ஒற்றைச் சீட்டைப் பார்க்க எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அது இல்லாத ஆட்டமொன்றை ஆடிய பிறகுதானே எனக்கு அது விளங்கியது!

கரம், டாம் போன்ற பலகை விளையாட்டுகளைப் பற்றி என் அணியினர் சொல்வார்கள். நான் என் அம்மப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

304க்கு அவரோடு கூட்டுச் சேர ஊரில் பயப்படுவார்கள். கூட்டாளி ஒரு சீட்டைப் பிழையாகப் போட்டால் போதும், கையிலிருப்பதை எல்லாம் பாயில் எறிந்துவிட்டு ஏசுவார். ஒரு சித்திரைக்கு வெளிநாட்டில் இருந்து வந்த மச்சாள், ஹனாபி என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். 2013இல் ஜேர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது பெற்றது அது. அதில் உங்கள் சீட்டை நீங்கள் பார்க்கக் கூடாது. முகத்தை வெளியே காட்டிப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். நிறமோ எண்ணோ, ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்லலாம். மூன்று பிழை விட்டால் எல்லோருக்கும் சேர்த்துத் தோல்வி.

அம்மப்பா பழக்கத்தில் சீட்டைத் தன் பக்கம் திருப்பப் போனார். மச்சாள் மணிக்கட்டைப் பிடித்து நேராக்கி விட்டாள். நான் அவருடைய இரண்டு சீட்டைத் தொட்டுக் காட்டி, "இது ரெண்டும் மூன்று" என்றேன். அவர் அவற்றைப் பெருவிரலால் தடவியபடி என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றை உருவிப் போட்டார். நிறம் பிழை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை 304இல் நான் அவருக்குக் கூட்டாளி. கலங்கிப்போய் ஏறுமாறாக ஒரு சீட்டைப் போட்டுவிட்டேன். பாயில் எதுவும் வந்து விழவில்லை. "என்னத்தக் கண்டு போட்டாய் மனே?" என்று கேட்டார். சொன்னேன். "மறுகா சரிதான்" என்றபடி ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவரும் நாற்பது வருஷம் 304 ஆடியவர்தான் ஐயா. அந்தக் கேள்வியை அதற்கு முன் ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

எதிரணித் தலைவரே, தீர்ப்பு எப்படி வந்தாலும் கொஞ்சம் இருந்து போங்கள். 32 சீட்டைப் பிரித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஓமி ஆடுவோம், நீங்கள் என் கூட்டாளி. நன்றி, வணக்கம்.