அரிப்புக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்

(மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊரில், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

"வெறும் அரிப்புதானே, இதுக்குப் போயி வேலையைக் கெடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்கிறீர்கள். போகத்தான் வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2006-ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கு 24 பேர் ஏதோ ஒரு தோல் தொல்லைக்காகக் குடும்ப டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். தோல் தொல்லை என்று வருகிறவர்கள் அதிகம் சொல்லும் குறையே அரிப்புதான். குளிர் நாட்டிலேயே இப்படி. நமக்கோ வேர்வை, உப்புத் தண்ணீர், குளிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத கோடை. பாசி எடுக்கப் போகும் அக்காமார் விரலில் துணி சுற்றி முங்குகிறார்கள். அந்த ஈரத்துணிக்குள் மணிக்கணக்காக ஊறிய தோல் பாறையில் சிராய்த்தால் அரிக்காமல் என்ன செய்யும்? சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன் பட்டுத் தடித்தாலும் காரணம் உடனே தெரிந்துவிடும்.

எனக்குக் கவலையெல்லாம் ராத்திரியில் கூடுகிற அரிப்பைப் பற்றித்தான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு என்று பொரிப்பொரியாகக் கிளம்பி, ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கெல்லாம் அரித்தால், அது பெரும்பாலும் சொறி சிரங்கு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேருக்காவது இது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அழுக்காக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பது பொய். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பரவுகிறது.

முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் அரிக்காதவர்களும் மருந்து பூச வேண்டும். டாக்டர் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரர் கடலிலிருந்து கரைக்கு வந்திருக்கும் நாளாகப் பார்த்து எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசுங்கள். நக இடுக்கை விடாதீர்கள். கை கழுவினால் மறுபடி பூசுங்கள். காலையில் குளித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சேலை, கைலி, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வைத்தால் போதும்.

அப்புறம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப். நாலு நாள் சுகமாக இருக்கும். ஆனால் அடியில் படர்தாமரை இருந்தால் அது பாட்டுக்குப் பரவும். தோலும் மெலிந்துபோகும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

பொரி, தடிப்பு எதுவுமே இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறதா? ஆறு வாரம் தாண்டிவிட்டதா? சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று காரணம் உள்ளே இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சோம்பல் படாதீர்கள்.

சிரங்குக்கு மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். பயந்துபோய்த் தினமும் பூசாதீர்கள். நாலு வாரம் தாண்டியும் புதுப் பொரி கிளம்பினால், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.