வார்மரின் விலையும் வெப்பத்தின் விலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பச்சிளங் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு போதாது; பிறந்த ஈரம் காயுமுன்பே உடல் சில்லிடத் தொடங்கிவிடும். அந்தச் சூட்டைக் காப்பதற்கான இன்குபேட்டர் என்ற மூடிய கதகதப்புப் பெட்டி, மேலிருந்து வெப்பம் வீசும் திறந்த படுக்கையான ரேடியன்ட் வார்மர் ஆகிய கருவிகளின் சந்தையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தச் சந்தையில் கருவியைத் தேர்ந்தெடுத்து வாங்குபவர் ஒருவர். இரவு முழுவதும் அதனருகில் நிற்பவர் வேறொருவர். வாங்குபவருக்கு முதலில் தெரிவது ஒப்பந்தப்புள்ளியில் உள்ள விலை. செவிலியருக்கோ, குழந்தையின் வயிற்றில் ஒட்டப்பட்ட, உடல் சூட்டை அளக்கும் சிறு சென்சாரின் மீதே கண். அது தோலை விட்டுக் கழன்றால், குழந்தை குளிர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டு வார்மர் மேலும் மேலும் சூடேற்றும். காக்க வேண்டிய வெப்பமே குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். அந்தச் சென்சாரின் வயர் ஒடிந்து, மாற்று கிடைக்காமல், நல்ல நிலையிலுள்ள வார்மர் மூலையில் துணி போர்த்திக் கிடப்பதைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. வருமானம் குறைந்த 16 நாடுகளின் மருத்துவக் கருவிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கருவிகள் இயங்காமல் இருந்ததாகக் கண்டது.

மலிவும் புதுமையும் மட்டும் இதற்கு விடையாகிவிடவில்லை. அமெரிக்காவின் டிசைன் தட் மேட்டர்ஸ் என்ற அமைப்பு, எங்கும் பழுது பார்க்க முடியும் என்ற நல்லெண்ணத்துடன் கார் உதிரி பாகங்களைக் கொண்டே ஓர் இன்குபேட்டரை உருவாக்கியது. முகப்பு விளக்குகளே அதன் வெப்பமூலம். டைம் இதழ் 2010-இன் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஆனாலும் தயாரிக்கவும் வாங்கவும் எவரும் முன்வராததால் அது விற்பனைக்கே வரவில்லை.

விற்பனையாளரே இல்லாத ஒரு வழியும் உண்டு. இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்தணைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியதால், முதல் 28 நாள்களின் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. எனினும் வார்மரின் தேவை தீர்ந்துவிடாது. பிறந்ததும் மூச்சுவிடாமல் உயிர்ப்பிப்புச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கும், தாயே கவலைக்கிடமாக இருக்கும் வேளையிலும் அது வேண்டும்.

ஆகவே கொள்முதல் அதிகாரிகளிடம் நான் கேட்பது இவ்வளவே: கருவியின் விலையோடு, ஐந்தாண்டுகளுக்கான சென்சார், பராமரிப்பு, பழுது நீக்க வரும் கால வரம்பு ஆகியவற்றையும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் கேளுங்கள், அந்த மொத்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். அதே நிதியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கங்காரு முறைக்காகத் தாய்மார்களுக்கான கட்டில்களையும் சேர்த்து வாங்குங்கள்.