கூட்டம் எத்தனை மணிக்கு?

வணக்கம். இந்த நேரத்தில் வானொலியைப் போட்டிருப்பவர்களில் பலர் குசினியில் நிற்பீர்கள். சிலர் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களோடுதான் நான் கூடுதலாகக் கதைக்க வந்திருக்கிறேன்.

படிப்பு, பிள்ளை வளர்ப்பு, அரசியல், இந்த மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். பொது விடயங்களில் என்னால் இயன்ற மட்டும் நிற்கிறேன். தலைப்பைக் கேட்டதும் என் மனதில் வந்தது ஒரே ஒரு கேள்விதான். கூட்டம் எத்தனை மணிக்கு? நான் எங்கே போனாலும் கேட்கிற கேள்வி இது. இன்றைக்கும் பல தடவை கேட்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012இல் நாடு முழுவதும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. ஜூலையில் தொடங்கி ஒக்டோபர் வரை போனது. நான் அப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர். பிள்ளைகள் இல்லை. ஒரு கூட்டத்தையும் விடமாட்டேன். இருட்டும் வரை இருப்பேன், வாதாடுவேன். ஐந்து மணியானதும் மூத்த விரிவுரையாளர் ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். அவருக்கு அக்கறை குறைவு என்றுதான் நான் நினைத்தேன். அவருக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அப்படி நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

பிறகு என் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகக் கிளிநொச்சிப் பக்கக் கிராமங்களில் நுண்கடன் எடுத்த பெண்களோடு கதைக்கப் போனேன். எனக்கு வசதி சனிக்கிழமை பின்னேரம். போய் இருந்தால் ஒருவரும் முழுதாகக் கதைக்கமாட்டார்கள். ஒரு சொல் சொல்வார்கள், பிள்ளை அழும், அடுப்பில் ஏதாவது பொங்கும், எழும்பி ஓடுவார்கள். நான்கு வாரம் இப்படியே போனது. ஒரு அக்காதான் வாசலில் நின்று சொன்னார். "தங்கச்சி, நீங்கள் வாற நேரம் பிழை. முன்பள்ளிக்குப் பிள்ளை போன பிறகு, ஒன்பது மணிக்கு வாங்கோ. பதினொண்டரைக்கு நான் திரும்ப ஏத்தப் போகோணும்." ஒன்பதிலிருந்து பதினொன்றரை. அந்த இரண்டரை மணித்தியாலம்தான் அவருக்குச் சொந்தமான நேரம். கடன் அறவிட வருகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது, அவர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். மேசையில் இருந்து எழுதுகிற எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த அக்கா சொன்ன பிறகு நான் ஊர் நோட்டீசுகளை வாசிக்கிற முறையே மாறிவிட்டது. முதலில் தலைப்பைப் பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் பார்ப்பேன். கூட்டம் எத்தனை மணிக்கு?

சரி, இனி நான் சொல்லவேண்டும் என்று வந்த விடயத்துக்கு வருகிறேன்.

2017ஆம் ஆண்டு. வன்னியில் அந்த வருடத் தொடக்கத்தை மறக்க ஏலாது. ஜனவரி 31 அன்று முல்லைத்தீவில், கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படையிடம் இருந்த தங்கள் காணிக்காக முகாமுக்கு முன்னால் போராட்டம் தொடங்கினார்கள். இரவும் பகலும் இருந்து, மார்ச் 1 அன்று காணிக்குள் கால் வைத்தார்கள். பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டகை போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். அப்போது என் மகனுக்கு மூன்றரை வயது. மகளுக்கு எட்டு மாதம். ஆய்வேடு பாதியில். கணவருக்கு வேலை மன்னாரில், வார இறுதியில்தான் வருவார்.

அந்தக் கொட்டகைக்கு நான் போனதற்குக் காரணம், அந்த அம்மாக்களுக்குக் கடிதம் எழுதக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சொப்பின் பை இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, ஒரு படம். மழைக்கு நனையாமல் எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வைத்திருப்பார்கள். திகதி வாரியாக அடுக்கி, மனு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. கூட்டிக்கொண்டுதான் போனேன்.

முதல் நாள் மகள் மடியில் இருந்து பேனையைப் பறித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வரி எழுதமுடியவில்லை. எழும்பிப் போவோம் என்று நினைத்தபோது, ஒரு அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து பழைய சீலை ஒன்றை எடுத்தார். கொட்டகைக்குப் பின்னால் நின்ற மரத்தில் ஏணை கட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளையை வாங்கினார். "நீ எழுது பிள்ளை, நான் ஆட்டுறன்." அவ்வளவுதான். கட்டின அந்த முடிச்சைப் பார்த்தேன். எத்தனையோ இடத்தில் கட்டிப் பழகின கை. தன் மகனுக்கும் இப்படித்தான் கட்டியிருப்பார். அந்த மகனுடைய முறைப்பாட்டுத் துண்டுதான் என் கையில் இருந்தது.

அன்றைக்கு மூன்று மனு எழுதினேன். அடுத்த கிழமை நான் போகமுன்னமே ஏணை கட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு பாயும் விரித்திருந்தது. என்னைப்போல இன்னும் இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு வரத் தொடங்கினார்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு சீலையும் ஒரு பாயும் இருந்ததால் என்னோடு சேர்த்து மூன்று தாய்மார் வரமுடிந்தது. வேறு ஒரு செலவும் இல்லை.

ஆனால் இதிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நாள் வீட்டில் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். கதிரையில் ஏறி இருந்து, முன்னால் ஸ்டூலை மேசைபோல வைத்திருந்தான். என் சித்தியின் மகள் ஒரு பையில் கடதாசிகளோடு வந்து நிற்கவேண்டும். இவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான். பிறகு சொல்கிறான்: "ஐயா இல்லை. நாளைக்கு வாங்கோ." அவள் போய்த் திரும்பி வருகிறாள். "பிரதி காணாது. நாளைக்கு வாங்கோ." நான் கதவடியில் நின்று பார்த்தேன். அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை எல்லாம் பாயில் இருந்து பிள்ளை கேட்டிருக்கிறான். மூன்றரை வயதில் அவனுக்கு ஒரு அலுவலகம் என்றால் அதுதான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கூட்டிக்கொண்டு போவது சரியா? மாமியிடம் சொன்னேன். மாமி அதற்கு முன்னமே வேண்டாம் என்று சொன்னவர். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனவர் அவர், அதன் பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தவர். "பிள்ளையளை ஆக்கள் பாக்கிற இடத்தில வைக்காதை" என்றார். அவருடைய பயத்தைப் பழமை என்று தள்ள எனக்கு மனம் வராது. பல்கலைக்கழகமும் அரசியலும் என்று கதை தொடங்கினாலே ரஜனி திராணகமவின் பெயர் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. ஒரு தாய் வெளியே இறங்கும்போது எங்கள் வீடுகளில் வருகிற பயத்துக்கு இப்படிப் பெயரும் திகதியும் இருக்கிறது.

கடைசியில் மாமியும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். மகனை மாமி பார்த்தார். மகளை மட்டும் கொண்டு போனேன். மகனுக்கு அந்த விளையாட்டைத் தடுக்கவில்லை, நானும் அவனோடு விளையாடினேன். என் முறைக்கு நான் கதிரையில் இருந்து, "வாங்கோ அம்மா, இருங்கோ, தண்ணி குடியுங்கோ, கடிதத்தைத் தாங்கோ" என்று சொல்வேன். ஒரு கிழமைக்குள் அவனும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிவிட்டான். இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆய்வேட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பிந்தித்தான் முடித்தேன். தகுதிகாண் காலத்துக்குள் பட்டத்தை முடிக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்பது விரிவுரையாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த நெருக்கடி. விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி எழுதினேன். அப்படி எழுதுங்கள் என்று எந்தத் தாய்க்கும் நான் புத்தி சொல்லமாட்டேன். நித்திரையைக் கடன் வாங்கித்தான் அது நடந்தது, அந்தக் கடனும் இலேசில் தீராது.

அப்புறம், கட்சிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2025 மே 6 தேர்தலிலும் அந்த ஒதுக்கீடு இருந்தது. வரவேற்கிறேன், மனதார வரவேற்கிறேன். ஆனால் கட்சிக் கூட்டம் எத்தனை மணிக்கு? நோட்டீசில் நான்கு மணி. தொடங்க ஐந்து. வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிய ஆறரை. முடிவெடுக்கிற நேரம் ஏழு. உள் கிராமத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். யானை நிற்கிற வீதியில் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு யார் ஸ்கூட்டியில் போவார்கள்? அதனால் ஆறு மணிக்குப் பெண்கள் எழும்புகிறார்கள். ஏழு மணிக்கு முடிவு எடுக்கிறவர்கள் வீட்டில் சோறு ஆக்கி வைத்திருக்கிற ஆட்கள் உள்ளவர்கள். பிரதேச சபைக்குப் போட்டியிட்ட ஒரு தங்கச்சி எனக்குச் சொன்னாள், தன்னுடைய வட்டாரத்துக்கு என்ன வேலை என்ற முடிவே தான் பஸ்ஸில் இருக்கும்போதுதான் எடுபட்டது என்று.

காலை ஒன்பதரைக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாய் விரியுங்கள். நோட்டீசில் 'பிள்ளைகளோடு வரலாம்' என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி...

தம்பி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. தகப்பன்மாரைப் பற்றிக் கதைக்கவென்று ஒரு முழுத் தாள் எழுதிக்கொண்டு வந்தேன். அரசாங்க வேலையில் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ விடுமுறை இருக்கிறது. தகப்பனுக்கு 3 நாள். மூன்று நாளில் தொப்புள்கொடி கூட விழாது. என் கணவர் மூன்றாம் நாள் மன்னார் பஸ் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். பிள்ளையோடு இருக்க ஆசைப்படுகிற தகப்பன்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சங்கங்கள் கேட்கவேண்டும். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது.

ஒன்று மட்டும். இந்தக் கிழமை உங்கள் ஊரில் மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, கோயில் நிர்வாகமோ கூட்டம் போட்டால், நோட்டீஸ் கொண்டுவருகிறவரை வாசலில் நிறுத்தி நேரத்தைக் கேளுங்கள். உங்களுக்கு ஏலாத நேரம் என்றால், ஏலும் நேரம் எது என்று அவரிடமே சொல்லி அனுப்புங்கள்.

வணக்கம்.