385 கிலோமீட்டர்: கனடாவின் வடகோடியில் ஒரு விமானப் பயணம்

[திரையில்: சுவரில் மாட்டிய உலக வரைபடம்]

வணக்கம். வரைபடத்தில் கனடாவின் உச்சியைப் பாருங்கள். கார்ன்வாலிஸ் தீவில் இருப்பது ரெசொலூட் பே. அதற்குக் கிழக்கே, எல்ஸ்மியர் தீவில் கிரீஸ் ஃபியோர்ட். கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் இதுதான் வடகோடி. 2021 கணக்கெடுப்பின்படி இங்கே 144 பேர்.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 டிகிரி தீர்க்கரேகை. பூமத்தியரேகையில் அது 1,300 கிலோமீட்டருக்கு மேல் வரும். இங்கே எவ்வளவு?

[திரையில்: ஆரஞ்சு உரிக்கும் கைகள்]

ஒரு சுளையை எடுங்கள். நடுவில் தடிப்பு, நுனிக்குப் போகப் போக மெலிகிறது. தீர்க்கரேகைகளும் அப்படித்தான் துருவத்தில் போய்ச் சேர்கின்றன. இந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 28 கிலோமீட்டர்தான். வடக்கே ஏறும் தூரத்தையும் சேர்த்தால், நேர்கோட்டில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர். தட்டையான வரைபடம் இந்தப் பகுதியை நாலு மடங்கு இழுத்துக் காட்டுகிறது.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்? ஜெட் விமானக் கணக்கு இங்கே உதவாது. கிரீஸ் ஃபியோர்ட்டின் ஓடுபாதை வெறும் சரளைக்கல், நீளம் அரை கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். அதில் இறங்கக்கூடியது ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானம். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு மணி 25 நிமிடம். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினால் ஒன்றே முக்கால் மணி. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மணி 12 நிமிடம். மூடுபனி இறங்கிவிட்டால் எந்தக் கணக்கும் இல்லை. தெளியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. காந்தத் துருவத்துக்கு அருகில் திசைகாட்டி முள்ளை நம்ப முடியாது. அதனால் இந்த வான்பரப்பில் உண்மை வடக்கை, அதாவது முள் காட்டும் திசையை அல்ல, புவியின் வடதுருவம் இருக்கும் திசையை வைத்தே பறக்கிறார்கள். ஓடுபாதையின் எண் அது நோக்கும் திசையைச் சொல்வது; ரெசொலூட்டில் அந்த எண்ணோடு 'டி' (ஆங்கிலத்தில் 'ட்ரூ', உண்மை) என்ற எழுத்து சேர்ந்திருப்பது அதற்காகத்தான்.

[திரையில்: பனிக்கடலில் ஒரு கப்பல்]

இந்த 385 கிலோமீட்டரை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் கனடா அரசு, கியூபெக்கின் இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று நம்பித்தான் கிளம்பினார்கள். தனித்தனியாக இறக்கப் போகிறார்கள் என்பது கப்பலில் வைத்துத்தான் தெரிந்தது. சிலர் எல்ஸ்மியர் தீவில், சிலர் ரெசொலூட்டில். இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்புவோம் என்ற வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

ரெசொலூட்டுக்கு இனுயிட் மொழியில் கவுசுயித்துக், விடியல் இல்லாத இடம். கிரீஸ் ஃபியோர்ட்டுக்கு அவுசுயித்துக், என்றும் உருகாத இடம். அன்று கப்பலில் பிரிந்த சொந்தங்களின் பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் பார்க்கப் போவது அந்தச் சரளைக்கல் ஓடுபாதை வழியாகத்தான்.