மீனை மடித்தால் ஏன் பொருந்தவில்லை?

அடுத்த கேள்வி பாம்பனிலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். "நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு மீன் வரைந்து, நடுவில் மடித்துப் பார்த்தாள். இரண்டு பாதியும் பொருந்தவில்லை. விலங்குகளின் உடல் பெரும்பாலும் சமச்சீரானது என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அப்படியானால் மீனுக்குச் சமச்சீர் கிடையாதா?"

சமச்சீர் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடப் பாடத்திட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே கேட்பது அதுவல்ல. கோட்டுக்கு ஒரு பக்கம் இருப்பது, மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே இருப்பது.

இதே இடத்தில் நானும் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். மண்டபத்தில் ஒரு விடுமுறை வகுப்பு. பலகையில் பாறை மீன் ஒன்றை வரைந்து, "தலை ஒரு மாதிரி, வால் ஒரு மாதிரி, முதுகும் வயிறும் வேறு வேறு. அதனால் மீனுக்குச் சமச்சீர்க்கோடு இல்லை" என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், கருவாட்டுக்குக் கீறி விரிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே சார் இருக்கு?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அவன் சொன்னதுதான் சரி. பெரிய மீனைத் தலையோடு சேர்த்துப் பிளந்து, புத்தகம்போல விரித்துக் கவிழ்த்துப் போடுங்கள். இந்தப் பக்கம் ஒரு கண், ஒரு செவுள்மூடி, ஒரு துடுப்பு. அந்தப் பக்கமும் அதேதான். நடுமுள் மட்டும் ஏதாவது ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கத்தியின் வேலை. ஆக, மீனுக்குச் சமச்சீர் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்து வரையும்போது ஒரு பாதிதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது, மறுபாதி தாளுக்குப் பின்னால் போய்விடுகிறது. உங்கள் மகள் படத்தை மடித்தாள், பொருந்தவில்லை. அவள் கண்டதிலும் தப்பில்லை.

அதே மீனை நேருக்கு நேர் வைத்து, வாய் நம்மைப் பார்ப்பதுபோல வரையச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சிரமம், பூசணிக்காய் மாதிரி வரும். வரட்டும். இல்லையென்றால் திருக்கையில் தொடங்குங்கள். திருக்கையையும் நண்டையும் ஆமையையும் நாம் வழக்கமாக மேலிருந்துதான் பார்க்கிறோம், மடித்தால் பொருந்தும். தாளை முதலில் மடித்து, ஒரு பாதியில் மட்டும் ஈர மையால் வரைந்து, காய்வதற்குள் அழுத்தி விரித்தால் மறுபாதி தானாக வரும். ஸ்கேலை முதல் நாளே கையில் கொடுக்காதீர்கள், பிள்ளை மீனை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

நட்சத்திர மீனுக்கு வேறு வழி. சாதாரணமாகப் பார்க்கும் ஐந்து கை உள்ளதற்கு ஐந்து மடிப்புக்கோடு உண்டு. இன்னொன்றும் உண்டு. படத்தின் மேல் எண்ணெய்த்தாளை வைத்து நகலெடுத்து, நடுவில் குண்டூசி குத்திச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு முழுச் சுற்றில் ஐந்து முறை பொருந்தும். 360ஐ ஐந்தால் வகுத்தால் 72 பாகை என்பதெல்லாம் ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது எண்ணினால் போதும். ஒன்று தெரியுமா, இதன் குஞ்சு பிறக்கும்போது இப்படி இருக்காது. இடம் வலம் என்று இரண்டு பக்கம் கொண்ட சின்ன உயிராக நீந்தித் திரிந்து, பிறகுதான் ஐந்து பக்கமாக மாறுகிறது.

நாக்கு மீன் இதற்கும் மேலே. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்கள் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் நகர்ந்து மறுபக்கம் போய்விடும். பிறகு ஒரு பக்கத்தைத் தரையில் போட்டுப் படுத்தே வாழும். அதனால் மீனுக்குச் சமச்சீர் உண்டு என்று நான் சொன்னதற்கு இந்த மீன் ஒத்துவராது. கருவாட்டுப் பையன் அன்றைக்கு இதையும் கேட்டிருந்தால் நான் வகுப்பையே முடித்திருப்பேன்.

சரி, உங்கள் மகளுக்கு ஒரு வேலை. வீட்டில் சங்கு இருந்தால் பார்த்து வரையட்டும். எங்கே மடித்தாலும் பொருந்தாது. அப்புறம் அதையே ஈர மையில் வரைந்து மடித்து அழுத்தட்டும். இடம்புரி வரைந்திருந்தால் எதிர்ப்பக்கம் வலம்புரி வந்து நிற்கும்.