பேக்பைப்பில் சத்தத்தைக் குறைக்க முடியாது

(திரையில்: புல்வெளி, போர் நினைவுத்தூண், கறுப்புக் கோட்டு அணிந்த கூட்டம். ஓரத்தில் பேக்பைப்புடன் ஒருவர், அசையாமல்.)

நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, போரில் மடிந்தவர்களை நினைவுகூரும் நாள். ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூர். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் பைப்பரும் அப்படித்தான். ஆனால் அவர் மனசுக்குள் ஒரே கேள்வி ஓடுகிறது: சுருதி இன்னும் நிற்கிறதா, இறங்கிவிட்டதா?

(திரையில்: கருவியின் பாகங்கள், கிட்டத்தில்.)

அக்குளில் இடுக்கிய பை. அதை ஊதி நிரப்ப ஒரு குழல். விரல்கள் ஓடுவதற்குச் சாண்டர் என்ற குழல். தோளில் சாய்ந்தபடி மூன்று சுருதிக் குழல்கள், அதாவது ட்ரோன்கள். ஊதும் காற்று பைக்குள் போய்ச் சேருகிறது. மூச்சு இழுக்கும்போது கை பையை அழுத்திக்கொள்ளும். அதனால் சத்தம் நடுவில் நிற்பதே இல்லை. சரி, ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால்? நடுவில் இன்னொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிட்டு வர வேண்டும். இந்தக் கருவிக்கே உரிய அந்தத் துடிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

மொத்தமே 9 சுரங்கள். சத்தத்தைக் குறைத்து வாசிக்கவும் வழியில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் சுருதிதான் தள்ளாடும். இன்னும் குறைத்தால் குழல் ஊமையாகிவிடும். வாசிப்பவரின் காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். இறுதிச் சடங்கில் துக்க வீட்டாருக்குப் பக்கத்தில் நின்று ஊதினால் அது அஞ்சலியாக இருக்காது. அதனால் பைப்பர் கூட்டத்தை விட்டுத் தள்ளி, முடிந்தால் ஒரு மேட்டில் நிற்கிறார். அவர் கையில் இருக்கும் ஒரே வால்யூம் பட்டன் தூரம்தான்.

(திரையில்: கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ஒரு காரின் பின்பக்கம்.)

இப்போது குளிருக்கு வருவோம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். எல்லாக் குழல்களும் ஒரே அளவு இறங்கினால் யாருக்கும் தெரியாது. வம்பு என்னவென்றால், சாண்டர் ஒரு பக்கம் போகும், ட்ரோன்கள் இன்னொரு பக்கம் போகும். கதகதப்பான அறைக்குள் எவ்வளவு கச்சிதமாகச் சுருதி சேர்த்தாலும் வெளியே வந்து இருபது நிமிடம் நின்றால் போச்சு.

ஆகவே ஆட்கள் காதில் விழாத இடத்துக்குப் போய், கார் மறைவில் கொஞ்ச நேரம் வாசித்துக் குழல்களைச் சூடேற்றிக்கொள்வார்கள். ட்ரோன்களின் இணைப்பை இழுத்தும் தள்ளியும் சுருதி சேர்ப்பார்கள். சாண்டரில் ஒரு சுரம் மட்டும் ஏறி ஒலித்தால் அதன் துளையின் மேல்விளிம்பில் துளி டேப் ஒட்டினால் போதும், இறங்கிவிடும். அப்புறம் குழல் ஆறாமல் இருக்கக் கோட்டுக்குள் அணைத்தபடி நிற்க வேண்டும். ரொம்ப நேரம் ஊதிச் சூடேற்றினாலும் ஆபத்துதான். மூச்சின் ஈரம் குளிர்ந்த குழலில் நீராகத் திரண்டு, அதிர்ந்து ஒலி எழுப்பும் சீவாளியை நனைத்துவிடும். விரல் மரத்துப்போனால் துளை சரியாக மூடாது, கீச்சென்று ஒரு சத்தம் வரும். மௌனம் கலையும் அந்த நொடியில் அப்படி ஒரு கீச்சொலி வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தள்ளி நிற்பதால் போதகர் பேசுவதும் கேட்காது. அவர் புத்தகத்தை மூடியதும் தலையசைக்கச் சொல்லி அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

(திரையில்: மலைச்சரிவு, பனிமூட்டம்.)

என்ன வாசிப்பது? ஸ்காட்லாந்தில் 'ஃப்ளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்ற ஒப்பாரி மெட்டுக்குத் தனி இடம். 1513 செப்டம்பர் 9 அன்று ஃப்ளாடன் போரில் மன்னர் நான்காம் ஜேம்ஸும் அவரோடு பெரும்படையும் மடிந்ததை நினைத்துப் பாடுவது. இறுதிச் சடங்கு, நினைவஞ்சலி தவிர வேறெங்கும் இதைப் பொதுவில் வாசிக்கக் கூடாது என்று பல பைப்பர்கள் வைராக்கியமாக இருக்கிறார்கள். ஒத்திகை எல்லாம் பை இல்லாத சின்னப் பயிற்சிக் குழலில்தான். எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கும். திருமணத்திலும் கடைத்தெருவிலும் கேட்டுப் பழகிய மெட்டு கல்லறை ஓரத்தில் அவ்வளவு கனமாக இறங்காது.

முடிப்பதற்கும் தூரம்தான் கைகொடுக்கும். 2022 செப்டம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதி வழிபாட்டின் முடிவில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வாசித்த பைப்பர் வாசித்தபடியே திரும்பி நடந்தார். இசை தேய்ந்து தேய்ந்து மறைந்தது. அது கட்டடத்துக்குள் நடந்தது. திறந்தவெளியில் சரிவைத் தாண்டி இறங்கிவிடலாம். மெட்டு முடிந்ததா, காற்று திசை மாறியதா என்று புரியாமல் கூட்டம் கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்கும். பைப்பரோ அந்தப் பக்கம், மரத்த விரல்களால் குழல்களைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை உதறிக்கொண்டிருப்பார்.